வேலி யாருடையது?

மதுரையில் ஒரு விதைத் திருவிழா. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு மேசைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். என் பங்குக்கு நானும் ஒரு தட்டு நிறைய அவரை விதைகளைக் கொண்டுபோயிருந்தேன். கருஞ்சிவப்பு விதை, ஓரத்தில் புருவம் தீட்டியதுபோல வெள்ளை மூக்கு. பக்கத்தில் ஓர் அட்டை: ‘அப்பத்தா அவரை.’

மேடையில் பேசியவர், “உலகத்தின் முதல் விவசாயி பெண்தான். பெண் வேறு, மண் வேறு, விதை வேறு இல்லை. விதை பெண்களின் கையில் இருந்தவரை அது பத்திரமாக இருந்தது” என்றார். கைதட்டல் பலமாக எழுந்தது. நானும் தட்டினேன்.

பிறகு ஒரு கல்லூரி மாணவி என் மேசைக்கு வந்தாள். விதையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, உங்க அப்பத்தா வீட்டுல இந்தக் கொடி இன்னும் இருக்கா?” என்றாள்.

“இல்லம்மா. அந்த இடத்துல வீடு கட்டிட்டாங்க.”

“யாரு?”

சட்டென்று பதில் வரவில்லை. கட்டியது என் தம்பி. அவன் கட்டலாம் என்று பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது நான். அவளிடம் அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மேடையில் கேட்டதுபோன்ற பேச்சைச் சரிபார்க்க என்னிடம் இருக்கும் அளவுகோல் இந்த அவரைதான்.

*

முதலில் அவரையைப் பற்றிக் கொஞ்சம். பழைய பந்தல் அவரை, பகல் குறையும்போதுதான் பூக்கும். ஆடியில் ஊன்றினால் ஐப்பசிவரை கொடியும் இலையுமாகப் படர்ந்துகொண்டே இருக்கும். பனி இறங்கிய பிறகு பூவெடுத்து, பொங்கலுக்குக் காய் கொட்டும். தையில் ஊன்றினால் வெறும் கொடிதான் மிஞ்சும். வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கும் குத்து அவரை ரகங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது, எந்தப் பட்டத்திலும் காய்க்கும். விற்பனைக்குப் பயிரிடுகிறவர்களுக்கு அதுதான் வசதி. அதனால் பந்தல் அவரையின் கதி பெரும்பாலும் வீட்டுக் கொல்லையோடு கட்டுண்டது. கொல்லை இருந்தால் அது இருக்கும், கொல்லை போனால் அதுவும் போகும்.

அவரைப் பூவுக்கும் பனிக்காலத்துக்கும் உள்ள இந்த உறவு குறுந்தொகையிலேயே இருக்கிறது. குறவன் தினை அறுத்த தாளில் அவரைக் கொடி ஏறிப் பூக்கும் பனிக்காலத்திலும் தலைவன் வரவில்லையே என்று ஒரு தலைவி வருந்துகிறாள். பல வருடங்கள் அந்தப் பாட்டை அவரைக்காகவே விரும்பிப் படித்தேன். இப்போது படித்தால் வேறொன்று கண்ணில் படுகிறது. தினைப்புனத்தில் பகலெல்லாம் கிளி ஓட்டுகிறவர்கள் பெண்கள் என்று அதே சங்கப் பாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆனால் இந்தப் புனத்துக்குச் சொல்லப்படும் பெயர் குறவனுடையது.

விதை எடுப்பது தனி வேலை. என் அம்மா கொடியில் முதலில் வரும் நல்ல கொத்துகளைப் பறிக்கவிடமாட்டார். “அது விதைக்கு விட்டது, கைய வைக்காதே” என்பார். வீட்டில் குழம்புக்குக் காய் இல்லாத நாளிலும் அந்தக் கொத்துகள் தப்பிவிடும். காய் முற்றி நெற்றாகி, ஆட்டினால் சலசலக்கும்போது பறித்து உடைப்பார். வெயிலில் காயவைத்து, பிறகு நிழலில் ஆறவைத்து, ஒன்றிரண்டைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். பல் பதிந்தால் ஈரம் இருக்கிறது, படக்கென்று உடைந்தால் போதும். துளை விழுந்தது, சுருங்கியது, நிறம் மாறியது எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளுவார். மிச்சத்தைச் சாம்பலில் புரட்டி, காய்ந்த வேப்பிலை போட்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைப்பார். நடுவில் ஒருமுறை திறந்து, வண்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். கொடியில் அசுவினி ஏறினால் விடியற்காலை இலையில் பனி காய்வதற்குள் சாம்பல் தூவுவார்.

அவரை பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும். ஆனாலும் வண்டுகள் பூவுக்குப் பூ போகும்போது கொஞ்சம் கலப்பு நேரும். பக்கத்து வீட்டில் வேறு அவரை இருந்தால் நிறம் மாறிய விதை வரும். அதைப் பார்த்துப் பார்த்து ஒதுக்கினால்தான் ஒரு ரகம் ரகமாக நிற்கும். வருடா வருடம் இந்த ஒதுக்கல் நடந்திருக்கிறது. ஆய்வு நிலையத்தில் இதற்குத் தெரிவு என்று பெயர், செய்கிறவருக்குச் சம்பளமும் உண்டு. அம்மா செய்தால் அது ‘கைராசி’.

*

பெண்ணும் விதையும் ஒன்று என்று மேடையில் சொல்லப்பட்டதற்குப் பின்னால் ஒரு நூல் மரபு இருக்கிறது. வந்தனா சிவாவின் ‘ஸ்டேயிங் அலைவ்’ 1988இல் வந்தது. இயற்கையைப் பிரகிருதியாக, பெண்மைத் தத்துவமாக அந்த நூல் காண்கிறது. பெண்கள் உயிர்களைப் பேணும் அறிவு உடையவர்கள், பசுமைப் புரட்சி அவர்களிடமிருந்த விதையைப் பறித்துச் சந்தைச் சரக்காக மாற்றியது என்பது அதன் வாதம். என் இருபதுகளில் அந்த நூலைப் படித்தபோது என் அம்மாவைப் பற்றி யாரோ எழுதிவிட்டார்கள் என்று மகிழ்ந்தேன். அந்த நன்றி இன்னும் இருக்கிறது. அடுப்படிச் சாம்பலையும் கொல்லை வேலையையும் அறிவு என்று சொல்ல எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நூல்.

ஆனால் பீனா அகர்வால் 1992இல் எழுதிய கட்டுரை ஒன்று இந்த மகிழ்ச்சியில் கல்லெறிந்தது. பெண்கள் எல்லோரையும் ஒரே கூட்டமாகப் பார்க்கலாமா, பிரகிருதி என்ற இந்து மதக் கருத்து எல்லாப் பெண்களுக்கும் பொருந்துமா, காலனியம் வருவதற்கு முன்பே இங்கே வர்க்கமும் சாதியும் இல்லையா என்று அவர் கேட்டார். ஒரு பெண்ணுக்கு இயற்கையோடு உள்ள உறவு அவள் என்ன வேலை செய்கிறாள், அவளுக்கு என்ன சொத்து இருக்கிறது என்பதிலிருந்து உருவாகிறது என்பது அவர் நிலைப்பாடு. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் எழுதிய பெரிய நூல் நேரடியாகவே பெண்ணின் நில உரிமையைப் பற்றியது. விதையில் தொடங்கும் விவாதம் நிலத்தில் போய்த்தான் நிற்க வேண்டும் என்பதற்கு அந்த வரிசையே சான்று.

நம் மேடைகள் அந்த விவாதத்தின் முதல் பாதியோடு நின்றுவிட்டன. விதையைத் திருடுகிறவர் எப்போதும் வெளிநாட்டுக்காரர், நிறுவனக்காரர். அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. மெக்சிகோவில் வாங்கிவந்த மஞ்சள் பீன்ஸுக்கு லாரி பிராக்டர் என்ற அமெரிக்கர் 1999இல் காப்புரிமை பெற்றார். மெக்சிகோ மக்கள் காலங்காலமாகத் தின்றுவந்த பயறு அது. கொலம்பியாவில் இருக்கும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையம் எதிர்த்து வழக்காடியது. 2009இல்தான் அந்தக் காப்புரிமை செல்லாது என்பது நீதிமன்றத்தில் உறுதியானது. ஒரு பயறை மீட்கப் பத்து வருடம்.

இந்தக் கதையை நாம் கோபத்தோடு சொல்கிறோம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் என் வீட்டு அவரையைப் பன்னாட்டு நிறுவனம் எதுவும் வந்து பிடுங்கவில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பிற்பகலில் அது முடிந்தது.

*

அப்பா 2015இல் இறந்தார். திண்டுக்கல்லுக்குத் தெற்கே எங்கள் ஊரில் வீடும் கொல்லையும் அவர் பெயரில் இருந்தன. சட்டப்படி அம்மா, தம்பி, நான் மூன்று பேருக்கும் சம பங்கு. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே அதைக் கொடுத்துவிட்டது. மறு வருடம் அம்மாவும் நானும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டோம்.

யாரும் மிரட்டவில்லை. “தம்பிக்குத்தானே, வேற யாருக்கு?” என்று மாமா சொன்னார். பிறந்த வீட்டு வாசல் திறந்திருக்க வேண்டுமென்றால் பங்கு கேட்கக் கூடாது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும். பெண்களின் சொத்துரிமை பற்றிக் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். அன்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரோடும் காபி குடித்தேன்.

அம்மாவுக்கு அது இரண்டாவது கையெழுத்து. அவருக்கு 1974இல் கல்யாணம் ஆனது. தமிழ்நாடு 1989இல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை கொடுத்துச் சட்டத்தைத் திருத்தியபோது, அதற்கு முன் மணமானவர்களை விலக்கிவிட்டது. 1993இல் அம்மாவின் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தார்கள். தாத்தாவின் பங்கில் இருந்து வரவேண்டியதையும் அம்மா எழுதிக்கொடுத்துவிட்டார். 2005இல் நாடு முழுவதும் மகள்களுக்குச் சம உரிமை வந்தது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகளை அந்தத் திருத்தம் தொடவில்லை. இரண்டு வீட்டிலும் அம்மா விதை வைத்திருந்தார், இரண்டு வீட்டிலும் விதை ஊன்ற அவர் பெயரில் ஒரு முழ மண் இல்லை.

பத்திரம் முடிந்த அடுத்த ஆனியில் கொல்லையில் அஸ்திவாரம் தோண்டினார்கள். பந்தல் கால்களைப் பிடுங்கியபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. போனில் நான் கோபப்பட்டேன். “அவன் இடம், அவன் கட்டுறான். நீ எதுக்கு இப்பக் கத்துற?” என்றார். கத்த வேண்டிய நாளில் நான் கத்தவில்லை என்று அவர் குத்திக்காட்டினாரா, இல்லை சாதாரணமாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

தம்பியைக் கெட்டவனாக எழுதினால் கட்டுரை சுலபமாகிவிடும். அவன் அம்மாவை நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறான். இன்று அந்த வீட்டில் அம்மாவுக்கு ஓர் அறை இருக்கிறது. தம்பி மனைவி மொட்டை மாடியில் நான்கு தொட்டி வைத்துக் கீரை போடுகிறாள். அவள் பெயரிலும் அங்கே எதுவும் இல்லை. அடுத்த ‘கைராசி’ அவளுக்கு.

*

இவ்வளவுதான் கதை என்றால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகவே இருந்திருக்கும். பறிகொடுத்தவள் என்ற இடத்தில் நின்றுகொண்டு எழுதியிருக்கலாம். அந்த நிம்மதியையும் அம்மாதான் கெடுத்தார்.

திருவிழாவுக்குப் பிறகு ஒருநாள் அந்த அட்டையை அம்மாவிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, “உங்க அப்பத்தாவுக்கு ஏது அவரை? அது வேலி அவரைல்ல” என்றார். எங்கள் தோட்டத்தைச் சுற்றிக் கிளுவை வேலி. தோட்டத்தில் களையெடுக்கவும் கதிர் அறுக்கவும் வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி வேலியோரமாக நாலு விதை ஊன்றியிருக்கிறார். கிளுவையில் கொடி ஏறிக் காய்த்திருக்கிறது. அப்பத்தாவுக்குக் காய் பிடித்துப்போய், நெற்றைப் பறித்துவந்து கொல்லையில் போட்டிருக்கிறார். அங்கிருந்துதான் அம்மா கைக்கு வந்தது.

அந்தப் பெண்மணியை எனக்கு நினைவிருக்கிறது. அப்பத்தாவைவிட மூத்தவர். ஆனாலும் சிறுபிள்ளைகளான நாங்கள் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டோம். அவர் எங்களை ‘வாங்க, போங்க’ என்றார். ஊருக்குக் கிழக்கே காலனியில் அவருக்கு ஓர் அறை வீடு, சுவரை ஒட்டிப் பாதை. ஒரு கொடி ஏற்ற இடம் இல்லை. அதனால்தான் கூலிக்கு வந்த இடத்தில், எங்கள் வேலியில், தன் விதையை ஊன்றியிருக்கிறார்.

வேலி எங்களுடையது என்பதால் அவரையும் எங்களுடையதாகிவிட்டது. கொல்லை அப்பாவுடையது என்பதால் அம்மாவின் பந்தல் தம்பி பிடுங்கக்கூடியதாகிவிட்டது. இரண்டும் ஒரே விதி. மண் யாருடையதோ அதன் மேல் ஏறும் கொடியும் அவர்களுடையது. அந்த விதி அம்மாவின் மேல் பாய்ந்தபோது எனக்கு வலித்தது. அதே விதி முன்னே ஒருமுறை எங்களுக்குச் சாதகமாக வேலை செய்ததை ‘அப்பத்தா அவரை’ என்று அட்டை எழுதிக் கொண்டாடியிருக்கிறேன்.

‘பாட்டி விதை’, ‘பாரம்பரிய விதை’ என்ற சொற்களின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இப்படித்தான். யாருடைய பாட்டி? வீட்டுத் தோட்டம் என்று சொல்லும்போதே ஒரு வீடும், அதைச் சுற்றிக் கொஞ்சம் மண்ணும், அந்த மண்ணைத் தன்னுடையது என்று சொல்லும் குடும்பமும் கூடவே வந்துவிடுகின்றன. அவை இல்லாத பெண்கள் விதை காக்கவில்லை என்று அர்த்தமில்லை. அவர்கள் காத்தது மற்றவர்கள் பெயரில் கணக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

*

பட்டங்களின் விஷயமும் இதே போலத்தான். மகாராஷ்டிரத்தில் முன்பு அகமத்நகர் எனப்பட்ட மாவட்டத்தைச் சேர்ந்த ராஹிபாய் சோமா போபெரே, மகாதேவ் கோலி பழங்குடிப் பெண். அவரை இனங்களைக் காத்ததற்காகக் குறிப்பாக அறியப்பட்டவர், விதை வங்கி நடத்துகிறவர். 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ அவருக்குக் கிடைத்தது. அவருக்கு உலகம் வைத்த பெயர் ‘விதை அன்னை’. பத்திரிகைகள் அவர் பள்ளிக்கூடம் போகாததை வியந்து எழுதுகின்றன. எந்த ரகம் எந்த மண்ணுக்கு, எதை எதனோடு கலக்கவிடக் கூடாது என்ற அவரது அறிவை அறிவாகவே எழுதும் செய்திகள் குறைவு. அன்னை என்று சொல்லிவிட்டால் கூலி பேச வேண்டியதில்லை. அன்னைக்கு யாரும் ராயல்டி கொடுப்பதில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் மேடைகளைவிட ஒரு படி தெளிவாக இருக்கிறது. 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் விற்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. வணிகப் பெயரிட்டு விற்கக் கூடாது, அவ்வளவுதான். அந்தச் சட்டத்தில் உழவர் யார் என்பதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு. மூன்றாவது விளக்கத்தின்படி, பாரம்பரிய ரகங்களைக் காப்பவரும் தெரிவு செய்து மேம்படுத்துபவரும் உழவர்தான். நிலம் இருக்க வேண்டும் என்று அங்கே சொல்லவில்லை. அதன்படி என் அம்மா உழவர். எங்கள் வேலியில் விதை ஊன்றியவரும் உழவர்.

ஆனால் பணம் வரும் இடத்தில் விளக்கம் மாறிவிடுகிறது. 2019இல் தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் கிடைப்பது நிலம் உள்ள குடும்பங்களுக்குத்தான். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலத்தைத் தங்கள் பொறுப்பில் வைத்திருப்பவர்களில் பெண்கள் ஏறத்தாழ 14 சதவீதம். நிலம் பெயரில் இல்லாவிட்டாலும் பயிர் செய்யும் பெண்ணுக்கு உழவர் என்று சான்று கொடுக்க வேண்டும் என்று எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை. விதைத் திருவிழா மேடைகளில் அந்த மசோதாவைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. பெண்ணே மண் என்று சொல்வது எளிது. மண்ணைப் பெண் பெயரில் எழுது என்று சொன்னால் கைதட்டுகிறவர்களில் பாதிப் பேர் வீட்டில் சண்டை வரும்.

*

சென்ற வருடம் அந்தப் பெண்மணியின் பேத்தியைத் தேடிப் போனேன். திண்டுக்கல்லில் ஒரு நூற்பாலையில் வேலை, வரிசை வீட்டில் குடித்தனம். ஒரு பொட்டலம் விதையைக் கொடுத்து, இது உங்கள் ஆயாவுடையது என்றேன். வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

“இத வச்சு நான் எங்கக்கா போட? சந்தைல காக்கிலோ வாங்குனா முடிஞ்சது.”

விதையைத் திருப்பிக் கொடுத்து மனதைக் கழுவிக்கொள்ளலாம் என்று போயிருந்தேன் போலிருக்கிறது. ஊன்ற இடம் இல்லாதவர் கையில் விதையை மட்டும் கொடுத்தால் அது திருப்பிக் கொடுத்ததாகாது. அடுத்த முறை அட்டையில் உங்கள் ஆயாவின் பெயரை எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

“பேரெல்லாம் வேணாக்கா. அப்புறம் ஊருல பேச்சாகும். வேலி யாருதுன்னு எழுதுங்க, அது போதும்.”

அதனால் அவர் பெயர் இந்தக் கட்டுரையிலும் இல்லை.

நான் மதுரையில் வாடகை வீட்டில் இருக்கிறேன். மாடியில் மூன்று சாக்குகளில் மண் நிரப்பி, கயிறு கட்டிக் கொடி ஏற்றியிருக்கிறேன். தளம் ஒழுகும் என்று வீட்டுக்காரர் இரண்டு முறை சொல்லிவிட்டார். இடம் குறைவு என்பதால் வருடத்துக்கு இருநூறு விதைகூடத் தேறுவதில்லை. பாதியை விதைக்கு வைத்துக்கொண்டு மீதியைக் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறேன்.

இந்த வருடத் திருவிழாவில் பழைய அட்டையை வைக்கவில்லை. புதிதாக எழுதியது இது: ‘வேலி அவரை. முதலில் ஊன்றியவர், எங்கள் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு வந்த ஒரு தலித் பெண். வேலி எங்கள் குடும்பத்துடையது. நாற்பது வருடம் விதை எடுத்தவர் என் அம்மா. கொல்லை இப்போது தம்பி பெயரில். எழுதிக் கொடுத்தவர்கள் அம்மாவும் நானும்.’

அட்டையைப் பார்த்த ஏற்பாட்டாளர், “இவ்வளவு நீளமா இருந்தா யாரு நின்னு படிப்பா? ‘பாட்டி அவரை’ன்னு சுருக்கமாப் போடலாமே” என்றார். மாற்றவில்லை. அன்று மாலைக்குள் நாலைந்து பெண்கள் நின்று முழுதாகப் படித்தார்கள். அவர்களில் ஒருவர் விதையை வாங்கிக்கொள்ளாமல், விடுதலைப் பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா என்று கேட்டார். தெரிந்த வக்கீலின் எண்ணைக் கொடுத்தேன். விதையையும் கொடுத்தனுப்பினேன்.